கதவில் வைத்த கை

ஸ்டூடியோவில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் எவனோ ஒரு புண்ணியவான் வைத்தது. இப்போதெல்லாம் காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. கண்ணாடிப் பலகைமேல் பிளாஸ்டிக் பேனாவால் வரைந்து, பிடிக்கவில்லை என்றால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயரை வங்கியில் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

மகள் என்ன வேலை செய்கிறாள் என்பது அவள் அம்மாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. யாராவது கேட்டால், "பொம்மைப் படம் போடுறா" என்பாள். "அட, எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு அதுன்னா உசுரு" என்று கேட்டவர்களும் சிரிப்பார்கள். முயலாவது கரடியாவது! ரப்பர் வரைந்ததெல்லாம் சாக்கடைக் குழிக்குள் இறங்கி மேலே வராதவர்களை, அடைத்து வைத்து வேலை வாங்கப்பட்டவர்களை, அடி வாங்கி வாய் திறக்காதவர்களை. கேமரா நுழையாத இடத்தில் நடந்ததையும், கேமராவுக்கு முகம் காட்டப் பயந்தவர்கள் சொன்னதையும் வரைந்து, அசையவைத்துக் காட்டுவதுதான் அந்த ஸ்டூடியோவின் பிழைப்பு. ஆவணப்படம்தான். படம் பிடித்த ஆவணப்படம் இல்லை, படம் வரைந்த ஆவணப்படம்.

இந்த முறை எடுத்தது ஒரு தையல் கம்பெனியில் பிடித்த தீயை. மேல்மாடியில் தீப் பிடித்தபோது, பின்படிக்கட்டுக் கதவுக்கு உள்பக்கம் பெண்கள் குவியலாகக் கிடந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது, இவர்கள்தான் புகையில் மிரண்டு ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து வழியை அடைத்துக்கொண்டார்கள் என்று கம்பெனி சொன்னது. கதவைப் பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேனும் விசாரணையில் அதையேதான் சொன்னார். விசாரணைக்காரர்களும் அதையே எழுதிக்கொண்டார்கள். செத்தவர்கள் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப் போகிறார்கள்? வேறு கதவு போட்டார்கள், சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

அந்தக் கம்பெனியில் தைத்து முடித்த துணியைச் சரிபார்க்கும் மேஜையில் வேலை செய்கிற ஒரு பெண் ஸ்டூடியோவைத் தேடிக்கொண்டு தானாகவே வந்தாள். பெயர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. செக்கிங் அக்கா என்று கூப்பிட்டார்கள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எழுந்து ஓட வசதியாக அப்படி உட்கார்ந்தாள் போல.

"கதவு பூட்டியிருந்துச்சு. அதை மட்டும் யாராவது சொல்லணும். என் பக்கத்து டேபிள்காரி அதுக்குப் பின்னாடிதான் போயிட்டா. நான் அப்ப கீழ நூல் வாங்கப் போயிருந்தேன். தட்டுன சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சு. மிரண்டு விழுந்துட்டாளுங்கன்னு எழுதி வெச்சிருக்காங்களே, அதைக் கேட்டுட்டு எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

"சொல்லுங்கக்கா. நாங்க சொல்றோம்" என்றார் டைரக்டர்.

"என் முகம் வேணாம். குரலும் வேணாம், வேற யாரையாவது பேச வைங்க. அப்புறம் இன்னொண்ணு. யாரு பூட்டினாங்கன்னு மட்டும் கேக்கக் கூடாது. கேட்டீங்கன்னா எழுந்து போயிடுவேன்."

"ஏன்க்கா?" என்றாள் ரப்பர்.

"வீட்டுல தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். எனக்குப் பிள்ளை இருக்கு."

டைரக்டர் நல்ல மனிதர். கொஞ்சம் வாய் நீளம், கொஞ்சம் பேராசை, மற்றபடி நல்லவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நீங்கள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் படம் வெளியே போகாது என்று வாக்கும் கொடுத்தார். ரப்பரும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

முகம் கூடாது என்பதால் கேமராவைக் கழுத்துக்குக் கீழே இறக்கி வைத்தார்கள். வரைகிறவளுக்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் இல்லையா, அதற்காக. படம் முடிந்ததும் அந்தப் பதிவை அழித்துவிடுவது வழக்கம். இப்படியாக, முகத்தை மறைக்கப் போய், அன்று முழுக்க அந்தக் கேமரா அவள் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. வினை அங்கேதான் வந்து உட்கார்ந்தது.

அக்கா நன்றாகப் பேசினாள். மெஷின் வரிசை எப்படி இருக்கும், துணி மூட்டை எங்கே கிடக்கும், படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பும், எல்லாம் கண்ணில் தெரிகிற மாதிரி சொன்னாள். யார் என்று யாரும் கேட்கவில்லை. ரப்பர்தான் கடைசியில் ஒன்று கேட்டாள்.

"எப்படிக்கா பூட்டுவாங்க?"

யார் என்று கேட்கக் கூடாது, சரி. எப்படி என்று கேட்கலாம்தானே? எப்படி என்று தெரியாவிட்டால் படம் வரைகிறவளுக்குக் கை ஓடாது.

"எப்படின்னா? எல்லாரும் பூட்டுற மாதிரிதான். வருவாங்க, பூட்டுவாங்க, போயிடுவாங்க" என்றாள் அக்கா. உடனே தண்ணீர் கேட்டாள், பிள்ளைக்குப் பள்ளி விடுகிற நேரம் என்றாள், எழுந்துகொண்டாள். வாய் சொன்னது அவ்வளவுதான்.

கை சொன்னது வேறு. பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் ரப்பருக்கு அது தென்பட்டது. "பூட்டுவாங்க" என்று அக்கா சொல்லும்போது வலது கை காற்றில் ஒரு சாவியைத் திருப்புகிறது. தொங்குகிற பூட்டை டக் டக்கென்று இருமுறை கீழே இழுத்துப் பார்க்கிறது. அதற்குப் பிறகு இடது கை மெல்ல எழுந்து, இல்லாத ஒரு கதவின்மேல் உள்ளங்கையை விரித்து வைக்கிறது. தூங்குகிற பிள்ளைமேல் கை வைப்பதுபோல. கொஞ்சம் பொறுத்து, மனசில்லாமல் எடுக்கிறது. அப்படி ஒரு அசைவை உட்கார்ந்து யோசித்தெல்லாம் கற்பனை செய்ய முடியாது. ரப்பருக்கு நாக்கில் எச்சில் ஊறாத குறை.

அந்த ஷாட்டுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. வரைகிற அசைவைத் தானே நடித்துப் பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஸ்டூடியோக் கழிவறையின் கண்ணாடி முன்னால் நின்று பூட்டினாள். லிஃப்டில் பூட்டினாள். வீட்டுக்குப் போனால் வாசல் கதவை இழுத்து இழுத்துப் பார்த்துக் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கதவுக்கு என்னடி ஜுரமா? தொட்டுத் தொட்டுப் பாக்குற" என்றாள் அம்மா.

"வேலைம்மா."

"நல்ல வேலை. நாளைக்கு ஜன்னலுக்கும் மாத்திரை வாங்கிட்டு வா."

கடைசியில் வந்தது. இருட்டான நடையில் ஒரு கதவு. முகம் இல்லாத ஓர் ஆள், தோளும் கைகளும் மட்டும். சாவி, பூட்டு, இரண்டு இழுப்பு, பிறகு அந்த உள்ளங்கை. பின்னணியில் தூரத்து மெஷின் சத்தம். அவ்வளவே. டைரக்டர் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "இதுக்கு மேல ஒண்ணும் வேணாம். இது ஒண்ணு போதும்" என்றார். ரப்பருக்குத் தலைகால் புரியவில்லை. அழிக்கத் தோன்றாத ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாக வரைந்திருந்தாள்.

படம் முடிய இன்னும் சில நாள் வேலை இருந்தது. ஆனால் டைரக்டருக்குக் கை பரபரத்தது. அந்த ஷாட்டை மட்டும் முன்னோட்டமாக வெளியே விட்டுவிடலாம் என்றார்.

"அக்கா இன்னும் பாக்கலையே சார்" என்றாள் ரப்பர்.

"இதுல அக்கா எங்க இருக்காங்க? முகம் இல்ல, குரல் இல்ல. இது யாரோ ஒரு ஆம்பளைக் கை. முழுப் படத்தை அவங்களுக்குக் காட்டிட்டுத்தான் விடுவோம். அந்த வாக்கு அப்படியே இருக்கு."

சட்டப்படி பார்த்தால் சரிதான். ரப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லவில்லை. ஊர் உலகம் அந்தக் கையைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. அதை ஒளிப்பானேன்?

முன்னோட்டம் காட்டுத்தீபோலப் பரவியது. பார்த்தவர்கள் எல்லாம் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். கதவு பூட்டியிருந்தது, கதவு பூட்டியிருந்தது என்று எழுதினார்கள். மூடிய விசாரணையை மறுபடி திறக்க வேண்டும் என்று வக்கீல்கள் பேசினார்கள். ரப்பர் சாப்பிடும்போதும் போனைக் கீழே வைக்கவில்லை. அவள் அம்மாவுக்கே யாரோ அனுப்பியிருந்தார்கள். "இதுக்குத்தானா கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்ன" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அம்மா கிண்டல் செய்யவில்லை.

அந்த வாரக் கடைசியில் முழுப் படத்தையும் காட்ட செக்கிங் அக்காவை அழைத்தார்கள். அவளிடம் இருந்தது பட்டன் போன், அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கம்பெனிக்கும் போகவில்லை. முன்னோட்டம் அவள் கண்ணில் பட்டிருக்கவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவளை நடுவில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டார்கள். ரப்பர் படத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் வரிசை வந்தபோது அக்கா மெல்லச் சிரித்தாள். பக்கத்து டேபிள்காரி வந்தபோது, "மூக்கு இப்படி இருக்காது, ஆனா இருக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதவு வந்தது. சாவி திரும்பியது. பூட்டு இருமுறை ஆடியது. உள்ளங்கை எழுந்து கதவில் பதிந்தது.

அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினார்கள். "இதை யாரு சொன்னா உங்ககிட்ட?"

"எதைக்கா?"

"இந்தக் கையை. கதவுல கை வைக்கிறதை. யாரு சொன்னா?"

"நீங்கதான்."

"நான் சொல்லல. என் பிள்ளை மேல சத்தியமாச் சொல்லல."

ரப்பர் அந்தப் பதிவை எடுத்துப் போட்டுக் காட்டினாள். தன் கைகள் தன் சம்மதம் இல்லாமல் எழுந்து பூட்டுவதை அக்கா பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் கைப்பைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர்தான் அந்த வாட்ச்மேன்" என்றாள்.

டைரக்டர் எழுந்து விளக்கைப் போட்டார்.

"டெய்லி அப்படித்தான் பூட்டுவாரு. கம்பெனியிலயும் சரி, வீட்டுலயும் சரி. ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டு, கையை வெச்சு எடுத்தாத்தான் அவருக்குத் தூக்கம் வரும். கம்பெனியில எல்லாப் பொண்ணுங்களுக்கும் தெரியும். அதே மாதிரி செஞ்சு காட்டிச் சிரிப்பாளுங்க. அவரு பேரு வரக் கூடாதுன்னுதான் யாருன்னு கேக்காதீங்கன்னு சொன்னேன்." நிமிர்ந்து டைரக்டரைப் பார்த்தாள். "இது வெளிய போகலதானே?"

டைரக்டர் ரப்பரைப் பார்த்தார். ரப்பர் தரையைப் பார்த்தாள். கடைசியில் ரப்பர்தான் சொன்னாள். இந்தத் துண்டு மட்டும் போயிருக்கிறது என்று, எல்லார் போனிலும் இருக்கிறது என்று.

அக்கா கத்தவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அதான்" என்றாள் மெதுவாக. "நாலஞ்சு நாளா வீட்டுல பூட்டும்போது சாவியைத் திருப்பிட்டு வந்து படுத்துடறாரு. இழுத்துப் பாக்குறதில்ல. கையும் வைக்கிறதில்ல. உடம்புக்கு முடியலையோன்னு நெனச்சேன். கஷாயம்கூடப் போட்டுக் குடுத்தேன். வாங்கிக் குடிச்சாரு."

அவர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, தன் கையைக் காட்டிக்கொடுத்தது யார் என்று தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் அவள் கொடுத்த கஷாயத்தை வாங்கிக் குடித்திருக்கிறார். ரப்பர் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போகாதீங்கக்கா. எங்க வீட்டுல வந்து இருங்க. எங்கம்மா இருக்காங்க."

"பிள்ளை அவருகிட்டதான் இருக்கு" என்று சொல்லி அக்கா எழுந்தாள்.

டைரக்டர் வக்கீலைக் கூப்பிடலாம் என்றார், யோசித்துச் செய்யலாம் என்றார். யோசிப்பாராம், இப்போது! ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு அக்காவின் பின்னாலேயே இறங்கிவிட்டாள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மன்னிச்சிடுங்க என்பதை ரப்பர் வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். எந்தவிதமாகச் சொன்னாலும் அது உதவாக்கரையாகத்தான் இருந்தது.

வீடு இரண்டாவது மாடியில், ஒரு நீண்ட பொது நடையின் கடைசியில். கதவு திறந்தே கிடந்தது. ரப்பர் எதை எதிர்பார்த்து வந்தாளோ அது அங்கே இல்லை. உடைந்த சாமான் இல்லை, கூச்சல் இல்லை. ஒரு மெலிந்த மனிதர் மேஜையில் போர்வை விரித்து வாட்ச்மேன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட பேன்ட் நாற்காலியில் தொங்கியது. அதன்மேல் பெல்ட், விசில், தொப்பி. சின்னப் பெண் தரையில் குப்புறப் படுத்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தது.

"வா" என்றார் மனைவியிடம். பிறகு ரப்பரைப் பார்த்தார். விரலில் பேனா பிடித்துக் காய்த்த இடத்தைப் பார்த்தார். "நீங்கதான் படம் போடுறவங்களா? உக்காருங்கம்மா."

ரப்பர் உட்காரவில்லை. "அண்ணா, அக்கா உங்க பேரைச் சொல்லவே இல்ல. தப்பு எங்க மேல. என் மேல."

"சொல்லியிருக்க மாட்டான்னு தெரியும்." சட்டையின் காலரைத் திருப்பி வைத்தார். "மேனேஜர்தான் காட்டினாரு. எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, பெரிய டிவியில போட்டுக் காட்டினாரு. கையைக் கதவுல வெச்ச உடனே அத்தனை பொண்ணுங்களும் திரும்பி என்னைப் பாத்துச்சுங்க. என் கையை அதுவரைக்கும் நானே பாத்ததில்லம்மா. ரொம்பச் சரியா இருந்துச்சு."

வாழ்க்கையில் அவள் கேட்ட பாராட்டுகளிலேயே மிகப் பெரியது அதுதான். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"இப்ப என்னங்க சொல்றாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"இத்தனை நாளா கதவு திறந்திருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். இப்ப அது செல்லாதாம். கதவு பூட்டியிருந்தது நிசந்தான், ஆனா வாட்ச்மேன் தன் இஷ்டத்துக்குப் பூட்டிட்டான், கம்பெனிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லப் போறாங்க. நாளைக்குக் காலையில யூனிஃபார்மை ஒப்படைச்சிட்டு, அப்படியே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அதையும் சொல்லணுமாம். சொன்னா உன்னை வேலையில வெச்சுக்குவோம்னு சொல்லியிருக்காங்க." கடைசி வரியை மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"பூட்டச் சொன்னது யாரு?" என்றாள் ரப்பர்.

"துணி திருட்டுப் போகுது, உள்ள ஆள் இருந்தாலும் பூட்டுன்னு மேலருந்து சொன்னாங்க. வாயாலதான். எழுதியா குடுப்பாங்க?"

"அதை நீங்க சொல்லுங்கண்ணா. நாங்க எடுக்கிறோம். முகம் இல்லாம, குரல் இல்லாம..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. "சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவன் நான். இனிமே நான் எதைச் சொன்னாலும் யாரு நம்புவா? சாவி என் இடுப்புலதான் இருந்துச்சும்மா. கேட்டுல நின்னவன் ஓடினேன். பாதிப் படிக்கு மேல புகையில ஏற முடியல. ஏறலன்னு சொல்றதா, முடியலன்னு சொல்றதா, இன்னைக்கு வரைக்கும் தெரியல." இஸ்திரிப்பெட்டியை நிறுத்தி வைத்தார். அக்கா சுவரோடு சாய்ந்து நின்றாள். தீப் பிடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் அதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று ரப்பருக்கு அவர்கள் நின்ற விதத்திலேயே விளங்கியது.

"ஏன் கை வைப்பீங்க?" என்று ரப்பர் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. பழக்கம் விடவில்லை.

அவர் தன் இடது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "உள்ள ஆளை வெச்சுப் பூட்டுறது மனசுக்கு ஒப்பாது. பூட்டாம இருக்க முடியாது, பிள்ளை குட்டிக்காரன். அதான் போகும்போது கொஞ்சம் கையை வெச்சுட்டுப் போவேன். மன்னிப்புக் கேக்குற மாதிரின்னு வெச்சுக்கங்க. பூட்டு கம்பெனியோடது. சாவி கம்பெனியோடது. உத்தரவு அவங்களுது. அது ஒண்ணுதான் நானா செஞ்சது. அதை மட்டும் போட்டிருக்கீங்க."

ரப்பருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் நின்று அழுகிற தகுதி தனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டாள். "அந்த ஷாட்டை அழிச்சிடறேன்" என்றாள்.

"எல்லார் போன்லயும் இருக்கேம்மா" என்றார் அவர், ஆறுதல் சொல்கிற குரலில்.

அதற்கு மேல் அங்கே பேச ஒன்றும் இல்லை. அக்கா ரப்பரைப் பார்க்காமல் போய்க் கணவருக்குப் பக்கத்தில் நின்று, சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி மடிக்கத் தொடங்கினாள். பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, துணியைச் சரிபார்க்கிற பழக்கத்தில் தையலை விரலால் தடவி, பிசிறு நூல் ஒன்றைக் கிள்ளி எறிந்தாள். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப்போகிற சட்டை அது. சின்னப் பெண் எழுந்து வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது.

"நான் வர்றேன்க்கா" என்றாள் ரப்பர். அக்கா மடித்த சட்டையைப் பேன்ட்மேல் வைத்தாள். போயிட்டு வா என்று அவள் சொல்ல வேண்டும் என எந்தச் சட்டம் இருக்கிறது?

அவர்தான் வாசலைப் பார்த்துச் சொன்னார். "கதவைச் சாத்திட்டுப் போங்கம்மா. இழுத்து விட்டா தானாப் பூட்டிக்கும்."

நடையில் யாரும் இல்லை. எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ரப்பர் கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே பூட்டு விழுந்தது. கீழே இறங்கிப் போக வேண்டியதுதான். பஸ் பிடித்துப் போய் டைரக்டரிடம் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதுதான். அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள், கை அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது. கழிவறைக் கண்ணாடியிலும் லிஃப்டிலும் அம்மாவின் வாசலிலும் வாரக்கணக்காகப் பழக்கிய கை. பிடியைப் பிடித்து டக் டக்கென்று இருமுறை இழுத்தது. இடது உள்ளங்கை தானாக எழுந்து கதவில் பதிந்தது.

உள்ளே பேச்சுக் குரல் சட்டென்று நின்றது. "அப்பா, யாரு உன்ன மாதிரியே பூட்டுறது?" என்று சின்னப் பெண் கேட்டது. ரப்பர் கையை எடுக்க முடியாமல் அங்கேயே நின்றாள்.